வேலும் இல்லை, கையும் இல்லை

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன மாசம் உங்கட ஞாயிறு பேப்பரில நடுப்பக்கத்தில வந்த கட்டுரையைப் பற்றித்தான் எழுதுறன். ஐரோப்பாவில ரெண்டாயிரம் வருசத்துக்கு முன்னம் இருந்த வொல்கே எண்ட கெல்ட்டிக் குடி தமிழ்க் குடிதானாம், வேல் பிடிச்ச கை 'வேல்கை' ஆகி அது திரும்பி வொல்கே ஆனதாம், பக்கத்தில வடிவா ஒரு வேல் படமும் போட்டிருந்தீங்கள். எங்கட சந்தித் தேத்தண்ணிக்கடையில அதை வெட்டி ஒட்டியும் வைச்சிருக்கினம். நானும் வாசிச்ச உடன சந்தோசப்பட்டனான், பொய் சொல்லக் கூடாது. இரவு படுத்தாப் பிறகுதான் அரிக்கத் தொடங்கினது.

நான் கம்பஸ் படிச்ச ஆள் இல்லை. நொத்தாரிசு ஒருத்தரின்ர கந்தோரில முப்பத்தஞ்சு வருசம் கிளாக்கா இருந்து உறுதி எழுதினனான், அவ்வளவுதான். ஆனா பேர் எண்ட சாமானோட முப்பத்தஞ்சு வருசம் மல்லுக்கட்டினவனுக்கு ஒண்டு ரெண்டு விசயம் தெரியும். வேலைக்குச் சேந்த புதுசில ஒரு காணிக்கு உறுதி எழுதேக்க 'வேம்படி வளவு' எண்ட பேரைக் கண்ட உடன அலுமாரியில கிடந்த பழைய வேம்படி வளவு உறுதியில இருந்து வரலாறு முழுக்க இறக்கி எழுதிப்போட்டன், கடைசியா எல்லையைப் பாத்தா ஒண்டின்ர கிழக்கு எல்லை ஒழுங்கை, மற்றதின்ர கிழக்கு எல்லை குளம், ரெண்டும் ரெண்டு காணி. நொத்தாரிசு ஐயா ஒண்டும் பேசேல்லை, நான் எழுதின கடதாசியை எடுத்து நாலா மடிச்சு என்ர சேட் பொக்கற்றுக்குள்ள வைச்சுவிட்டவர். பேர் ஒண்டா இருந்தா காணி ஒண்டெண்டு இல்லை. அதே மாதிரி 1900 களில 'புளியடி' எண்டு எழுதின காணியை இண்டைக்கு ஊரில எல்லாரும் வாசிகசாலை வளவு எண்டுவினம், பேர் வேற, காணி அதேதான். எல்லையையும் முந்தின உறுதியளையும் ஒவ்வொண்டாப் பின்னால பிடிச்சுக்கொண்டு போனாத்தான் எது எதெண்டு தெரியும்.

சொல்லும் அப்பிடித்தான். உங்கட கட்டுரை எழுதின தம்பி பேரைப் பாத்தவர், எல்லையைப் பாக்கேல்லை.

முதலாவது, அந்தக் 'கை' எங்கையிருந்து வந்தது? வொல்கே எண்டது லத்தீன்காரர் எழுதின பன்மை. கடைசியில வாற 'ஏ' அவையின்ர பன்மை விகுதி, எங்கட 'கள்', 'மார்' மாதிரி. அதைக் கழட்டினா மிஞ்சுறது 'வொல்க்' மட்டும்தான். ஆக லத்தீன் விகுதியையும் சேத்து இழுத்துத்தான் தமிழ்க் கை ஆக்கியிருக்கிறார். நாளைக்கு ஒரு வெள்ளைக்காரன் வந்து நாங்கள் 'ரீச்சர்மார்' எண்டு சொல்லுறதைக் கேட்டுட்டு, ஓ இவை ரீச்சரின்ர மார்பைப் பற்றிக் கதைக்கினம் எண்டு எழுதினா எப்பிடியிருக்கும், அதேதான்.

சரி, உந்த வொல்கே ஆர்? இவையைப் பற்றி யூலியஸ் சீசர் எழுதியிருக்கிறார். தெற்கு ஜெர்மனிப் பக்கம் பரந்து கிடந்த ஹெர்சினியன் காட்டுக்குப் பக்கத்தில நல்ல செழிப்பான நிலமாப் பாத்துப் பிடிச்சுக்கொண்டு இருக்கிற சனம், நீதிக்கும் சண்டைக்கும் பேர் போனவை எண்டு. இன்னொரு பகுதி தெற்குப் பிரான்சில இருந்தது. துலூஸ் எண்டு இப்ப சொல்லுற பட்டணத்தில இருந்தவை வொல்கே தெக்தோசாகெஸ், நீம் பட்டணத்துப் பக்கம் இருந்தவை வொல்கே அரெகோமிசி. மூண்டாவது பகுதி இருக்கு பாருங்கோ, அதுதான் அதிசயம், கி.மு. 279 ல கெல்ட்டுகள் கிரேக்கத்துக்குள்ள இறங்கி டெல்பிக் கோயில் மட்டும் போய்ப் பேந்து அதில கொஞ்சப்பேர் கி.மு. 278 ல கடலைத் தாண்டி இண்டைய துருக்கிக்குப் போயிட்டினம், அதுக்குள்ள தெக்தோசாகெஸும் இருந்தவை, அவை குடியேறினது இப்பத்தைய அங்காராவைச் சுத்தி. அந்த நாட்டுக்குக் கலாத்தியா எண்டு பேர். வேதக்காரர் வீடுகளில பைபிளைத் திறந்தா கலாத்தியருக்குப் பவுல் எழுதின நிருபம் இருக்கு, அந்தக் கலாத்தியர்தான். நாலாம் நூற்றாண்டில கூட அந்தச் சனம் ஜெர்மனிப் பக்கம் ட்ரியர் பட்டணத்துக் கெல்ட்டுகளின்ர பாசை மாதிரி ஒண்டைக் கதைச்சது எண்டு ஜெரோம் எண்ட சாமியார் எழுதி வைச்சிருக்கிறார்.

'தெக்தோசாகெஸ்' எண்ட பேரின்ர அர்த்தத்தை ஆராய்ச்சிக்காரர் ஓரளவு அவிட்டு வைச்சிருக்கினம். 'தெக்த்' எண்டா சொத்து, பழைய ஐரிஷில 'தெக்ட்' எண்டு அந்தச் சொல் இருக்கு. 'சாக்' எண்டா தேடுறது, இங்கிலீஷ் 'சீக்' கும் அதுக்குச் சொந்தம். சொத்துத் தேடினவை. இதை வாசிச்ச நேரம் நான் சிரிச்சுப்போட்டன், ஏனெண்டா யாழ்ப்பாணத்து வழமைச் சட்டமான எங்கட தேசவழமையில முதுசம், சீதனம், தேடியதேட்டம் எண்டு மூண்டு வகைச் சொத்து, அந்தத் தேடியதேட்டம் எண்ட சொல்லை ஆயிரக்கணக்கான உறுதியில இந்தக் கையாலதான் எழுதினனான். 1707 ல ஒல்லாந்தர் அந்த வழமையை எழுத்தில போட்டவை. தேட்டம் தேடினவை எண்டு ஒரு குடி தனக்குப் பேர் வைச்சிருந்தது எண்டா அது எனக்கு நல்லா விளங்குது. அதுக்காக அவை யாழ்ப்பாணத்தார் எண்டு நான் சொல்ல வரேல்லை, அதையும் ஆரும் நாளைக்கு எழுதிப்போடாதேங்கோ.

இவையின்ர தேட்டத்துக்கு நடந்ததையும் சொல்லவேணும். துலூஸில புனிதக் குளங்களுக்குள்ள பொன்னும் வெள்ளியும் போட்டு வைச்சிருந்தவை, சாமிக்குக் குடுத்தது, ஆரும் தொடுறேல்லை. கி.மு. 106 ல கேப்பியோ எண்ட ரோமத் தளபதி வந்து அள்ளினவர். பதினையாயிரம் டாலந்து (அந்தக் கால நிறை அளவு) எண்டு ஸ்ட்ராபோ எண்ட பழைய கிரேக்க எழுத்தாளர் கணக்குச் சொல்லுறார். வெள்ளிதான் போய்ச் சேந்ததாம், பொன் வழியில காணாமப் போட்டுது, கேப்பியோவே ஆளை வைச்சுக் களவெடுத்தவர் எண்டும் கதை. அடுத்த வருசம் தெற்குப் பிரான்சில அராவுசியோ எண்ட இடத்தில அவரின்ர படை அழிஞ்சுது, ரோமர் கண்ட ஆகப் பெரிய தோல்வியளில அது ஒண்டு. துலூஸ் பொன் எண்டு லத்தீனில பழமொழியே வந்திட்டுது. சிவன் சொத்து குலநாசம் எண்டு எங்கட ஆச்சி சொல்லுறதுதான்.

இனி 'வொல்க்' எண்ட பேருக்கு வாறன், பிரச்சினையே அதில தானே. ஒரு காலத்தில ஆக்கள் சொன்னது, இங்கிலீஷ் 'ஃபோக்', ஜெர்மன் 'ஃபோல்க்', சனம் எண்ட அந்தச் சொல்லும் இதுவும் ஒண்டு எண்டு. கேக்க நல்லாத்தான் கிடக்கு. ஆனா ஜெர்மன் பக்கம் 'ஃப' வாற இடத்தில லத்தீனில 'ப' வரும், ஃபாதர், பாதெர். கெல்ட்டிக்கில அந்தப் 'ப' விழுந்து இல்லாமலே போயிடும், ஐரிஷில தகப்பன் 'அஹிர்'. அப்ப 'ஃபோல்க்' குக்குச் சரி நிகரா 'வ' வில தொடங்கிற கெல்ட்டிக் சொல் வர ஏலாது. கேஸ் தள்ளுபடி. ரெண்டாவது கட்சி ஓநாய் எண்டது. பழைய ஐரோப்பிய மொழிக் குடும்பத்தில ஓநாய்க்கு 'வ்ல்க்வ' மாதிரி ஒரு சொல், சத்தம் கிட்டத்தான் கிடக்கு. அதிலயும் ஒரு ஓட்டை. பழைய பிரான்சில கெல்ட்டுகள் கதைச்ச காலிஷ் பாசையில 'க்வ' எல்லாம் 'ப' வா மாறும், குதிரைக்கு லத்தீனில 'எக்வுஸ்', காலிஷில 'எப்போஸ்', குதிரைத் தெய்வத்தின்ர பேர் எபோனா. ஓநாயெண்டா அவை வொல்பே ஆகியிருக்கவேணும், வொல்கே இல்லை. மூண்டாவது கட்சி வல்லூறு. வெல்ஷ் பாசையில 'க்வால்க்ஹ்' எண்டா வல்லூறு, அதோட சீசரின்ர காலத்தில எபுரோனெஸ் குடிக்கு ராசாவா இருந்த ஒருத்தரின்ர பேர் கட்டுவொல்குஸ், 'கட்டு' எண்டா சண்டை, சண்டை வல்லூறு. (பாவம் அந்தக் கிழவன், ரோமருக்குத் தப்ப ஏலாமல் யூ மரத்து நஞ்சைக் குடிச்சுச் செத்தவர்.) இண்டைக்குக் கனபேர் நிக்கிறது இந்தக் கட்சியில. அதுக்கும் எதிர்க்கட்சி இருக்கு, வெல்ஷ்காரர் அந்தச் சொல்லையே பழைய இங்கிலீஷில இருந்து எடுத்தவை எண்டு. என்ர அபிப்பிராயம் கேட்டா நான் வல்லூறு பக்கம், ஆனா உறுதி முடிக்கிற அளவுக்கு இன்னும் கையெழுத்து விழேல்லை.

இதில பாருங்கோ, ஒரு கட்சியும் சத்தத்தை மட்டும் வைச்சுக் கதைக்கேல்லை. எந்த எழுத்து எந்தப் பாசையில எதுவா மாறும் எண்ட ஒழுங்கைப் பிடிச்சுக்கொண்டுதான் சரி பிழை சொல்லினம். இது வெள்ளைக்காரன்ர மந்திரம் இல்லை, எங்கட வீட்டிலயும் இருக்கு. தமிழில பால், கன்னடத்தில ஹாலு. பல்லு, ஹல்லு. புலி, ஹுலி. பத்து, ஹத்து. ஒண்டு ரெண்டு இல்லை, சொல்லுச் சொல்லா நிரைக்கு நிக்கும். இப்பிடி நிரைக்கு நிக்கிறதைக் காட்டித்தான் கால்டுவெல் 1856 ல தமிழும் கன்னடமும் தெலுங்கும் மலையாளமும் ஒரு குடும்பம் எண்டு எழுதி எங்களுக்கெல்லாம் பெருமை சேத்தவர். அந்தப் பெருமையை வைச்சிருக்கிற நாங்களே 'வேல்' எண்டு கேட்டா வேல், 'கை' எண்டு கேட்டா கை எண்டு நிண்டா, கால்டுவெல்லின்ர நிரையையே நாங்கள் குழப்புறம் எல்லோ.

வொல்க் எண்ட பேருக்குப் பேந்து நடந்தது அதின்ர அர்த்தத்தை விடப் பெரிய கதை, கட்டுரையில அது ஒரு வரி கூட வரேல்லை எண்டதுதான் எனக்குப் பெரிய மனவருத்தம். வொல்கேக்கு அயலில இருந்தவை ஜெர்மானியக் குடியள். அவை இந்தப் பேரைத் தங்கட வாயில போட்டு மெண்டு 'வால்ஹ்' ஆக்கிப்போட்டினம், ஒ ஆ ஆகும், க ஹ ஆகும், லத்தீன் 'ஒக்தோ' ஜெர்மனில 'ஆஹ்ட்' ஆன மாதிரி, லத்தீன் 'கோர்னு' இங்கிலீஷில 'ஹோர்ன்' ஆன மாதிரி. ஜேகப் கிரிம் எண்ட ஆள் 1822 ல இந்த ஒழுங்கை விதியா எழுதினவர், தம்பியோட சேந்து பிள்ளையளுக்குக் கதைப் புத்தகம் போட்ட அதே கிரிம். முதல் அந்த ஒரு குடியின்ர பேர். பிறகு கெல்ட்டுகள் எல்லாருக்கும் பேர். பிறகு ரோமர் வந்து கெல்ட்டுகளின்ர நிலத்தைப் பிடிச்ச உடன லத்தீன் கதைக்கிற ஆக்களுக்கும் அதே பேர். கடைசியில 'வால்ஹ்' எண்டா எங்கட பாசை கதைக்காதவன், வெளியாள், வந்தான் வரத்தான்.

அந்தச் சொல் எங்கையெல்லாம் போய் இருக்கு எண்டு பாருங்கோ. பெல்ஜியத்தில பிரெஞ்சு கதைக்கிறவை வலூன். சுவிசில ஜெர்மன்காரர் பிரெஞ்சுக்காரரைச் சொல்லுறது வெல்ஷ். ருமேனியாவில வலாக்கியா. போலந்துக்காரர் இத்தாலிக்குச் சொல்லுறது 'வ்வோகி', ஹங்கேரிக்காரர் இத்தாலியனுக்கு 'ஒலொஸ்'. உந்த ஒலொஸையும் வேல்ஸையும் பக்கத்தில பக்கத்தில வைச்சா ஆரும் அண்ணன் தம்பி எண்டு சொல்லுவினமோ? புளியடியும் வாசிகசாலை வளவும்.

வேல்ஸ் எண்டு நான் சொன்ன உடன விளங்கியிருக்கும். என்ர மகள் குடும்பம் இருக்கிறது கார்டிஃப்பில, பேரன் பள்ளிக்கூடத்தில வெல்ஷ் படிக்கிறான், அங்க எல்லாப் பிள்ளையளும் படிக்கத்தான் வேணும். இந்தக் கதைக்குள்ள நான் இறங்கினதே அவனாலதான். ஒரு நாள் வட்ஸ்அப்பில வந்து, அம்மப்பா, வேல்ஸ் எண்டா வெளியாக்கள் எண்டு அர்த்தமாம், ரீச்சர் சொன்னவ எண்டான். அஞ்சாம் நூற்றாண்டளவில ஆங்கிலோ சாக்சன்காரர் கடல் கடந்து பிரித்தானியாவுக்கு வந்து, அங்கயே காலம் காலமா இருந்த சனத்தைப் பாத்து நீ வெளியாள் எண்டு பேர் வைச்சவை. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டினது எண்டு சும்மாவா சொன்னவை. பழைய இங்கிலீஷில அந்தச் சொல்லுக்கு அடிமை எண்டும் ஒரு அர்த்தம் வந்திட்டுது. அந்தச் சனம் தங்களைத் தாங்கள் சொல்லுறது கும்ரி, 'கூட ஒரே நிலத்தில இருக்கிறவை', எங்கட பாசையில ஊராக்கள். அந்தக் கும்ரியில இருக்கிற நிலம் எண்ட அதே சொல்லை வைச்சு, ஆல்ப்ஸ் பக்கம் அல்லோப்ரோகெஸ் எண்டு இன்னொரு குடி இருந்தது, அதுக்கு அர்த்தம் வேற நிலத்து ஆக்கள். ஊராக்களும் பிற ஊராக்களும், கெல்ட்டுகளுக்கும் இதே பிரச்சினைதான். நான் இதெல்லாத்தையும் பேரனுக்கு விளங்கப்படுத்தி முடிய அவன் கேட்டான், அப்ப நானும் ரெண்டு மடங்கு வெல்ஷ் தானே எண்டு. பெடியன் பகிடிதான் விட்டவன், தாய்க்காரி பின்னால நிண்டு சிரிச்சவள், நான் போனை வைச்சுப்போட்டுக் கொஞ்ச நேரம் விறாந்தையில இருந்தனான்.

இப்ப எதிர்ப்பக்க உதாரணம் ஒண்டு, ரெண்டு வேம்படி வளவு மாதிரி. பிரான்சின்ர பழைய பேர் லத்தீனில காலியா, இங்கிலீஷில கோல். ஒண்டில இருந்து மற்றது வந்தது எண்டு கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவம். இல்லை. காலியா வேற வேர். கோல் வந்தது பிரெஞ்சு 'கோல்' இல இருந்து, அது வந்தது ஃபிராங்கியர் எண்ட ஜெர்மானியக் குடியின்ர 'வால்ஹா' வில இருந்து, ஜெர்மானிய 'வ' பிரெஞ்சில 'க' ஆகும், இங்கிலீஷ் 'வோர்' பிரெஞ்சில 'கேர்' எண்ட மாதிரி. கோலும் வேல்ஸும் ஒரு தாய் வயித்துப் பிள்ளையள், காலியா பக்கத்து வீட்டுப் பிள்ளை. சத்தத்தை நம்பி ஏமாந்தது நாங்கள் மட்டும் இல்லை, ரோமரும் 'காலுஸ்' எண்டா காலியாக்காரனும் அதுதான், சேவலும் அதுதான் எண்டு பகிடி விட்டவை, அந்தப் பகிடி முத்தி இண்டைக்கும் பிரான்ஸ் ஃபுட்போல் ரீமின்ர சேட்டில சேவல் நிக்குது. எங்கட வேல் படமும் இப்பிடி நிரந்தரமா ஒட்டிக்கொள்ளக் கூடாது எண்டுதான் இந்தக் கடிதம்.

அந்த ஃபிராங்கியர் ஆர் தெரியுமோ? மற்றவனை வெளியாள் எண்டு பேர் சொன்ன அதே சனத்தின்ர பேரை எடுத்து அராபியர் ஐரோப்பியர் எல்லாருக்கும் வைச்சினம், பாரசீகத்தில 'ஃபரங்', எங்கட வாய்க்கு வந்த நேரம் பறங்கி. 1619 ல யாழ்ப்பாணத்தைப் பிடிச்ச போர்த்துக்கீசன் தன்னை ஒரு நாளும் ஃபிராங்க் எண்டு சொல்லேல்லை. எங்களுக்கு அவன் பறங்கி. 1658 ல வந்தவனை மட்டும் ஒல்லாந்தர் எண்டு சரியாச் சொன்னனாங்கள், அவன் விட்டுட்டுப் போன கந்தோரும் நொத்தாரிசும் எங்கட வாயில இன்னும் கிடக்கு. சோனகரும் அப்பிடித்தான். கிரேக்கத்தில அயோனியர் எண்டு ஒரு பிரிவு, பாரசீகத்தில 'யௌன', வடக்கில யவன, பாளியில யோன, சங்கப் பாட்டில பொன்னோட வந்து மிளகோட போன யவனர், பேந்து கடல் கடந்து வந்த இஸ்லாமிய வியாபாரியளுக்கு அந்தப் பேர் இறங்கிச் சோனகர். ஐநூறு அறுநூறு வருசமா எங்களோட ஒரே தமிழைக் கதைச்ச அயல் சனத்தை நாங்கள் கூப்பிட்டது ஒரு கிரேக்கக் குடியின்ர பேரால. 1990 ஒக்டோபரில முஸ்லிம் சனம் வெளியேற்றப்பட்டு யாழ்ப்பாணத்துச் சோனகதெரு வெறிச்சுப் போனது எப்பிடியெண்டு இந்த ஊரில வயசு போன எல்லாருக்கும் தெரியும், அது இந்தக் கடிதத்துக்குள்ள அடங்காது.

ஆகவே கெல்ட்டிக் குடிக்கும் எங்களுக்கும் ஒரு தொடுசலும் இல்லை எண்டு நான் சொல்லேல்லை. வொல்கேயின்ர பேருக்கு ஜெர்மானியன் செய்ததை ஃபிராங்கியன்ர பேருக்கும் அயோனியன்ர பேருக்கும் நாங்கள் செய்திருக்கிறம். அதை எழுதியிருந்தா கட்டுரை இன்னும் நல்லா வந்திருக்கும், ஒரு பொய்யும் தேவைப்பட்டிருக்காது.

எழுதின தம்பி கோவிக்க வேண்டாம். அவரின்ர தமிழ் நல்ல தமிழ், வாசிக்க வைச்சவர், இல்லாட்டி நான் இவ்வளவு பக்கம் எழுதுவனோ. இந்தப் பக்கம் வந்தா ஒருக்கா வீட்ட வரச் சொல்லுங்கோ, தேத்தண்ணி குடிச்சுக் கதைக்கலாம். தமிழ்நாட்டுக்காரர் பூசணியைப் பறங்கிக்காய் எண்டு சொல்லுற மாதிரி, வால்நட் எண்டதும் பழைய இங்கிலீஷில 'வெயல்ஹ்-ஹ்னுத்து', வெளியாள்க் கொட்டை, அதே வொல்க்தான். மகள் போன முறை வரேக்க கொண்டு வந்ததில ஒரு போத்தல் இன்னும் உடைக்காமக் கிடக்கு.

இப்படிக்கு,
பழைய நொத்தாரிசுக் கிளாக் ஒருத்தன்,
கோண்டாவில்.